பிறந்த ஊரும் பாடும் ஓசையும்: லூஸ் அண்ட் த யாகுசாவின் ‘கோர்’ ஆல்பத்தை முன்வைத்து

லூஸ் அண்ட் த யாகுசா என்ற பெயரில் பாடும் மரி-பியெரா ககோமாவின் முதல் முழு ஆல்பமான ‘கோர்’ 2020 அக்டோபரில் வெளிவந்தது. ககோமா 1996இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுபும்பாஷி நகரில் பிறந்து, பெல்ஜியத்திலும் ருவாண்டாவிலும் வளர்ந்தவர். பாடல்களை எழுதுபவரும் அவரே. ஹிப்-ஹாப்பின் கிளையான டிராப் தாளம், ஆர் அண்ட் பி குரல்முறை, பிரெஞ்சு ஷான்சோன் மரபின் சொல்லழுத்தம், பாப் பாடலின் கச்சிதம் ஆகிய நான்கும் இதில் சேர்ந்திருப்பதால் ‘வகைகளைக் கலக்கும் ஆல்பம்’ என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வது பொய்யாகாது. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. இன்றைய வெகுசன இசையில் கலக்காத ஆல்பம் எது என்று தேடுவதே கடினம். ‘கோர்’ எதை எங்கே வைத்தது என்பதுதான் கேட்கத்தக்க கேள்வி. தன் பிறப்பிடத்தையும் அதன் வரலாற்றையும் அது வாத்தியங்களில் வைக்கவில்லை. சொல்லிலும் குரலிலும் வைத்தது. காங்கோவின் ஓசை என்று உலகம் அடையாளம் காணும் எதையும் தாளத்தில் காட்ட மறுத்தது. இந்த மறுப்பு காங்கோ இசை மரபிலிருந்து விலகிய செயலன்று, அம்மரபு நடந்துவந்த பாதையிலேயே எடுத்து வைத்த அடி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இசைவகை என்பது ஓசையின் இயல்பிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட விதிகளால் ஆளப்படும் இசை நிகழ்வுகளின் தொகுதியே வகை என்று இத்தாலிய இசையியலாளர் பிராங்கோ பாப்ரி 1980களின் தொடக்கத்தில் வரையறுத்தார். அந்த விதிகளை வகுப்பதில் கடைக்காரருக்கும் கணிசமான பங்குண்டு. ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற பெயர் 1987இல் லண்டன் மதுக்கூடம் ஒன்றில் சிறு இசை நிறுவனங்கள் கூடிப் பேசி, இசைத்தட்டுக் கடையில் தங்கள் சரக்குக்கு ஓர் அலமாரி கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்துகொண்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பாடல்களைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒலிப்பதிவுத் தொழில் அவற்றை இன வாரியாக இரண்டு பட்டியல்களாகப் பிரித்ததை வரலாற்றாளர் கார்ல் ஹேக்ஸ்ட்ராம் மில்லர் 2010இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். கிராமி விருதுக் குழு ‘வேர்ல்ட் மியூசிக்’ பிரிவின் பெயரை ‘குளோபல் மியூசிக்’ என்று மாற்றியதும் ‘கோர்’ வெளியான அதே 2020இல்தான். பெயர் மாறினாலும் எதிர்பார்ப்பு மாறவில்லை. ஆப்பிரிக்காவில் பிறந்த கலைஞரின் பாட்டில் ஆப்பிரிக்கா காதுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால் அது மரபு, அதனுடன் வேறொன்று சேர்ந்தால் அது கலப்பு. இந்த எதிர்பார்ப்புக்கு அடியில் கலக்காத, தூய ஒரு காங்கோ இசை முன்பே இருந்தது என்ற ஊகம் இருக்கிறது. வரலாறு அந்த ஊகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

காங்கோவின் அடையாளமாக இன்று கருதப்படும் ரும்பா, இசைத்தட்டுகள் வழியே வந்த இசை. 1930களிலிருந்து எச்எம்வி நிறுவனம் ‘ஜிவி’ என்ற வரிசையில் கியூபாவின் ஸோன் பாடல்களை ஆப்பிரிக்கச் சந்தையில் விற்றது. லியோபோல்ட்வில்லின், அதாவது இன்றைய கின்ஷாசாவின், இளைஞர்கள் அத்தட்டுகளைக் கேட்டு, ஸ்பானியச் சொற்களின் ஒலியை வாயில் வைத்துப் பழகி, பிறகு லிங்காலா மொழியில் சொந்தப் பாடல்களைக் கட்டினார்கள். அவற்றைப் பதிவுசெய்த ங்கோமா, ஓபிகா, லோனிங்கிசா ஆகிய நிறுவனங்களை நடத்தியவர்கள் அங்கே வாணிபம் செய்துவந்த அயலார்; அவர்களுள் கிரேக்கரும் இருந்தனர். அட்லாண்டிக் கடலைக் கடந்து அடிமைகளோடு போன மத்திய ஆப்பிரிக்கத் தாளம் கியூபா வழியாக வீடு திரும்பியது என்று இதைச் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் திரும்பி வந்தது போனபடியே வரவில்லை. 1960 தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் விடுதலைப் பேச்சுவார்த்தைக்கான வட்டமேசை மாநாடு நடந்தபோது, ஜோசப் கபசெலேயும் ஆப்பிரிக்கன் ஜாஸ் குழுவினரும் ‘அன்டிபென்டன்ஸ் ச்சா ச்சா’வை அந்த நகரிலேயே உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவின் விடுதலைக் கீதம் என்று போற்றப்படும் அந்தப் பாட்டு, காங்கோவை ஆண்ட பெல்ஜியத்தின் தலைநகரில், கரீபிய நடனத் தாளத்தில் பிறந்தது. யுனெஸ்கோ 2021 டிசம்பரில் காங்கோ ரும்பாவை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஒரு தலைமுறை அயலிலிருந்து எடுத்துக்கொண்டது மறு தலைமுறைக்கு மரபாகிறது. ரும்பாவின் கதை அதற்கு நல்ல சான்று.

ககோமா பிறந்த லுபும்பாஷியை எடுத்துக்கொண்டால் இந்த வாதம் இன்னும் கூர்மை பெறும். 1910இல் எலிசபெத்வில் என்ற பெயரில் தாமிரச் சுரங்கத் தொழிலுக்காக நிறுவப்பட்ட நகரம் அது. யூனியன் மினியேர் நிறுவனம் கசாயிலிருந்தும், வட ரொடீஷியாவிலிருந்தும், ருவாண்டா-உருண்டியிலிருந்தும் தொழிலாளரைக் கொண்டுவந்தது. அந்தச் சுரங்க வட்டாரத்தின் பெயர்பெற்ற இசை ரும்பா அன்று; தனிக் கிதாரில் விரல்களால் மீட்டிச் சுவாஹிலியில் பாடும் முறை. அதன் தலைசிறந்த கலைஞரான ஜான் போஸ்கோ முவெண்டாவை இசை ஆய்வாளர் ஹியூ ட்ரேசி 1952இல் ஒலிப்பதிவு செய்தார். ஆகவே லுபும்பாஷியில் பிறந்தவரிடம் ‘காங்கோவின் ஓசை எங்கே’ என்று கேட்பவர் பெரும்பாலும் கேட்பது ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கின்ஷாசாவின் ஓசையை. பல தேசத் தொழிலாளர் வந்து குடியேறிய நகரத்தில், காங்கோத் தந்தைக்கும் ருவாண்டாத் தாய்க்கும் பிறந்த பெண்ணுக்கு எந்த ஓசை சொந்தம் என்பதை நாட்டின் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

அந்தப் பிறப்பே ஆபத்தாக மாறிய காலமும் வந்தது. 1998இல் இரண்டாம் காங்கோ போர் தொடங்கியபோது ருவாண்டா வம்சாவளியினர் காங்கோ நகரங்களில் வேட்டையாடப்பட்டார்கள். ககோமாவின் தாய் ருவாண்டாக்காரர் என்பதற்காகச் சிறை வைக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் பெல்ஜியத்துக்குச் சென்றார். குழந்தைகள் பின்னர் போய்ச் சேர்ந்தனர். சில ஆண்டுகள் ருவாண்டாவில் வாழ்ந்த ககோமா பதின்பருவத்தில் மீண்டும் பெல்ஜியம் வந்தார். படிப்பை விட்டு இசையைத் தேர்ந்த பிறகு பிரஸ்ஸல்ஸில் சில காலம் வீடின்றித் தவித்ததையும் அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இந்த வரலாற்றை இங்கே சொல்வது பரிவு தேடுவதற்காக அன்று. பிறந்த மண்ணின் ஓசையைக் கொண்டாட்டமாக மீட்டெடுப்பது எல்லாருக்கும் ஒரே போலத் திறந்திருக்கும் வழியன்று என்பதற்காகத்தான். அதே லுபும்பாஷியில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த ராப் பாடகர் பலோஜி அந்த வழியில் போனார். கின்ஷாசாவுக்குச் சென்று அங்குள்ள இசைக்குழுக்களோடு ‘கின்ஷாசா சுக்குர்சால்’ ஆல்பத்தைப் பதிவுசெய்தார். விடுதலையின் பொன்விழாக் காலத்தில் கபசெலேயின் பாட்டையே திரும்ப எடுத்து, ஐம்பது ஆண்டுகளின் கணக்கைக் கேட்டார். அது ஓசை வழியே ஊர் திரும்பிய முயற்சி. ககோமா அப்படித் திரும்பவில்லை. ரும்பாவின் இறுதிப் பகுதியில் துள்ளும் செபென் கிதார் ‘கோர்’ ஆல்பத்தில் இல்லை, லிக்கெம்பே என்னும் விரலால் மீட்டும் வாத்தியம் இல்லை, பாடும் மொழி பிரெஞ்சு.

இருப்பது என்ன? ஆழ்ந்த பாஸ், இடைவெளி விட்டு விழும் டிராப் தாளம், சிக்கனமான விசைப்பலகை, அவற்றின்மேல் தாழ்ந்த சுருதியில், ஏற்ற இறக்கத்தை அடக்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே நகரும் குரல். 2019இல் வெளியான முதல் சிங்கிள் ‘திலெம்’ கேட்பவரை ஆடவைக்கும் பாட்டு. அதன் பொருளோ தனிமையும் மனிதர்மீது படிந்துவிட்ட அவநம்பிக்கையும். ‘காத்ர் எர் து மத்தேன்’ பாலியல் வன்முறையைப் பேசுகிறது. குரல் அங்கும் உடைவதில்லை. ‘சோலோ’ கறுப்பராய் இருப்பதன் தனிமையையும், தேதி குறித்துக் கொடுக்கப்பட்ட விடுதலையின் போதாமையையும் கேள்விக்கு உட்படுத்துகிறது. ஆல்பத்தின் தலைப்பே இரத்தத்தை மிகையாகக் கொட்டும் திகில் சினிமா வகையிலிருந்து வந்தது; கொடுமை அளவு மீறும்போது பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும் அந்த முறையை ஆல்பம் தன் முறையாக எடுத்துக்கொண்டது. இங்கே கலப்பு செய்யும் வேலை தெளிவாகிறது. எடையில்லாத தாளத்தையும் எடை மிகுந்த சொல்லையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றைக் கரைத்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறது. துயரத்துக்கு ஏற்ற சோக இசை இருந்திருந்தால் கேட்பவர் இரங்கிவிட்டு நகர்ந்திருப்பார். இங்கே முதலில் தாளம் பிடித்துப்போகிறது. தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது பிறகுதான் புரிகிறது.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, இது பெரிய நிறுவனத்தின் சரக்கு என்பது. ஆல்பத்தைச் சோனியின் கொலம்பியா வெளியிட்டது. தயாரித்தவர் எல் கின்ச்சோ என்ற கானரித் தீவுக்காரர். 2020இல் டிராப் மிக எளிதில் விற்கும் ஓசையாக இருந்தது உண்மை. சில பாடல்களின் தாள அமைப்பு ஆல்பத்தின் வயதை இப்போதே காட்டிக்கொடுக்கிறது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் வாணிபம் ரும்பாவின் பிறப்பிலும் இருந்தது. வாணிபம் இருந்ததாலேயே ஓர் இசை பொய்யாகிவிடாது. இதைவிட வலுவான சான்று எல் கின்ச்சோவின் முந்தைய வேலையில் கிடைக்கிறது. ஸ்பானியப் பாடகி ரோசலியாவின் ‘எல் மால் கெரெர்’ ஆல்பத்தை (2018) உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அங்கே பிளமென்கோவின் கைத்தட்டலும் கமகக் குரலும் முன்னுக்கு வந்தன. வட்டார அடையாளமே ஆல்பத்தின் முகமாயிற்று. அது லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வு பெற்றது. வெற்றிபெற்ற அந்தச் சூத்திரத்தை இங்கேயும் பயன்படுத்தியிருந்தால் காங்கோ கிதார்தான் முன்னுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தை மட்டுமே முடிவெடுத்திருந்தால் இந்த இல்லாமைக்கு விளக்கம் சொல்வது கடினம்.

இரண்டாவது மறுப்பு மொழியைப் பற்றியது: ஆண்ட நாட்டின் மொழியில் பாடிவிட்டு அந்நாட்டையே விசாரிப்பது எப்படி? இதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் மொழிகளின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். ரும்பாவின் மொழியான லிங்காலா பரவியதில் பெல்ஜியரின் காலனியப் படைக்குப் பெரும் பங்குண்டு. லுபும்பாஷி அடங்கிய கட்டங்கா வட்டாரத்தின் சுவாஹிலி நிலைபெற்றதில் காலனிய நிர்வாகமும் மிஷன்களும் சுரங்க நிறுவனமும் எப்படிச் செயல்பட்டன என்பதை மானிடவியலாளர் யோஹன்னஸ் ஃபேபியன் 1986இல் வெளியான நூலில் ஆராய்ந்தார். காலனியத்தின் கைபடாத மொழி ஒன்று அங்கே பாடகருக்காகக் காத்திருக்கவில்லை. மேலும், விசாரிக்கப்படுபவருக்குப் புரியும் மொழியில் விசாரிப்பதில் ஒரு நியாயம் உண்டு. 2020 ஜூன் 30 அன்று, காங்கோ விடுதலையின் அறுபதாம் ஆண்டு நாளில், பெல்ஜிய மன்னர் பிலிப் காலனிய ஆட்சியின் வன்முறைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக் காங்கோ குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், மன்னிப்பு கோரவில்லை. அந்த மாதம் ஆண்ட்வெர்ப்பில், காங்கோவில் ஆட்சியைத் தொடங்கிய பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சிலை அகற்றப்பட்டது. அந்த ஆண்டில் பிரெஞ்சில் பாடுவது பெல்ஜியத்தின் உள்விவாதத்தில் நேரடியாகப் பங்கெடுப்பதாகவும் அமைந்தது.

மூன்றாவது மறுப்பே கடினமானது. ஓசையில் காங்கோ இல்லையென்றால், இதைக் காங்கோவோடு இணைப்பது பாடகரின் வாழ்க்கைக் குறிப்பு மட்டும்தானே? குறிப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் மிஞ்சுவது ஐரோப்பிய நகரத்து பாப் இசைதான் என்பார்கள். ‘திலெம்’ பாட்டின் இத்தாலிய மறுபதிப்பு பிரெஞ்சு அறியாதவரிடையே பெரும் வெற்றி பெற்றதை இதற்குச் சான்றாகவும் காட்டலாம். இந்த மறுப்பில் பாதி சரி. சொற்கள் புரியாமல் கேட்பவருக்கு ஆல்பத்தின் மையம் எட்டாது. ஊரைச் சொல்லில் வைப்பதற்கு ஆல்பம் கொடுத்த விலை அது. ஆனால் மறுபாதி தவறு. சொல் என்பது பாட்டுக்கு வெளியே நிற்கும் குறிப்பு அன்று, பாட்டின் உறுப்பு. தாளத்தை மட்டும் இசையாக எண்ணி, சொல்லைப் பின்னிணைப்பாக ஒதுக்குபவரே ஆப்பிரிக்க இசையைத் தாளத்தால் மட்டும் அளக்கும் பழைய பழக்கத்தைத் தொடர்பவர். ‘அன்டிபென்டன்ஸ் ச்சா ச்சா’வைச் சொற்களை நீக்கிக் கேட்டால் அதுவும் கரீபிய நடன இசையாகவே தோன்றும். அதைக் காங்கோவின் கீதமாக்கியது, பேச்சுவார்த்தைக்கு வந்த தலைவர்களையும் கட்சிகளையும் பெயர் சொல்லிப் பாடிய அதன் வரிகள். தாளத்தை அயலிலிருந்து எடு, சொல்லில் உன் காலத்தை வை என்பதே கபசெலேயின் வழி. ககோமாவின் வழியும் அதுதான். ஹவானாவின் இடத்தில் டிராப் பிறந்த அட்லாண்டா இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

ஆகவே ‘கலப்பு’ என்ற சொல்லை மதிப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுத்துவதை ஆய்வாளர்கள் கைவிடுவது நல்லது. எத்தனை வகைகள் சேர்ந்தன என்று எண்ணுவதைவிட, சேர்ந்தவற்றுள் எது எதைச் சுமக்கிறது என்று பார்ப்பதே பயன் தரும். அவ்வாறு பார்க்கும்போது ‘கோர்’ எல்லாப் பாடல்களிலும் சம அளவில் வெற்றிபெற்ற ஆல்பம் என்று சொல்ல முடியாது. தாளம் சொல்லை விழுங்கிவிடும் இடங்கள் அதில் உண்டு. ஆனால் பிறப்பிடத்தை ஒலி அலங்காரமாக விற்கச் சந்தை ஊக்குவித்த காலத்தில் அதைச் செய்யாமல், அந்தப் பிறப்பு தன்மீது சுமத்திய வரலாற்றைச் சொல்லால் பேசிய ஆல்பம் என்ற வகையில், காங்கோ இசை வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.