மறுக்க முடியாத வாக்கு: தமிழர் மணவுறவில் சாட்சியின் வரலாறு

தமிழர் திருமண வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் சடங்குகளையே பின்தொடர்ந்திருக்கிறார்கள். தாலி எப்போது வந்தது, தீவலம் எப்போது புகுந்தது, புரோகிதர் எப்போது மணமேடைக்கு வந்தார் என்பவையே அவர்கள் எழுப்பிய கேள்விகள். அவற்றைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஆணும் பெண்ணும் தமக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கைப் பின்னாளில் ஒருவர் மறுத்தால், அது கொடுக்கப்பட்டது உண்மைதான் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? சங்கப் பாடல்கள் தொடங்கி 2023ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், மணமுறை மாறியதன் காரணம் ஓரளவு துலங்கும். மணமுறையின் முதன்மையான சமூகப் பணி, நிகழ்ந்த உறவை மறுக்க விடாமல் செய்வதுதான். அந்தப் பணியைச் செய்யத் தவறிய சடங்கு, தப்பிக்க நினைத்தவருக்கே கேடயமாக இருந்திருக்கிறது.

களவு ஒழுக்கம் சாட்சியில்லாத உறவு. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாடலின் தலைவிக்கு இருக்கும் அச்சமே இதுதான். தலைவன் தன்னை மணந்த பொழுதில் அருகே மனிதர் எவரும் இல்லை; ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த நாரை ஒன்றுதான் இருந்தது. அவன் பொய் சொன்னால் அவள் யாரை அழைப்பாள்? அகநானூற்றின் 256ஆம் பாடல் இதற்கு மறுபக்கம். கள்ளூரைச் சேர்ந்த ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியவே மாட்டேன் என்று பொய்ச்சூள் உரைக்கிறான். ஊர் அவை, உண்மை அறிந்த சாட்சிகளை விசாரிக்கிறது. குற்றம் உறுதியானதும் அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையில் ஆரவாரம் எழுகிறது. முதல் பாடலில் அச்சமாக இருந்தது இரண்டாவதில் வழக்காகிவிடுகிறது. இரண்டிலும் இழப்பு பெண்ணுடையது. மறுக்கும் வசதி ஆணுடையது.

தொல்காப்பியக் கற்பியலும் இதையே இலக்கணமாக வகுக்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே கரணம் என்னும் மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்பது அதன் விளக்கம். வகுத்த ‘ஐயர்’ வேதியரா, குலமூத்தோரா என்பதில் உரையாசிரியர் காலந்தொட்டுக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் யார் வகுத்தார் என்பதைவிட எதற்காக வகுத்தார் என்பதே இங்கு முக்கியம். அந்தக் காரணத்தை நூற்பாவே சொல்லிவிடுகிறது. காதலர் ஊரைவிட்டுச் செல்லும் உடன்போக்கில் கொடுப்பதற்குப் பெற்றோர் இல்லாதபோதும் கரணம் நிகழலாம் என்று இன்னொரு நூற்பா இடம் தருகிறது. ஆகவே கரணத்தின் உயிர்நிலை பெற்றோர் சம்மதம் அன்று. உறவு வெளிப்பட நிறுவப்படுவதே.

அந்த நிறுவுதல் எந்த வடிவத்திலும் நடக்கலாம் என்பதற்கு அகநானூற்றின் 86ஆம் பாடல் சான்று. உளுந்து சேர்த்த உணவு, மணல் பரப்பிய பந்தர், உரோகிணியோடு திங்கள் கூடிய நாள், பூவும் நெல்லும் இட்ட நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்தும் மகப்பேறுற்ற பெண்கள் நால்வர் என்று விரிகிறது அந்தத் திருமணம். தீயும் இல்லை, புரோகிதரும் இல்லை, சுற்றம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் முதுபார்ப்பான் வழிகாட்ட, கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். அங்கும்கூட, மகளிரை யானை மேல் ஏற்றிப் புகார் நகருக்கு மணச்செய்தி அறிவிக்கப்படுகிறது. சடங்கு மாறிய பின்னும் ஊரறியச் செய்தல் நிலைத்தது. ஊரறிந்த மணம் கோவலன் மாதவியிடம் செல்வதைத் தடுக்கவில்லையே என்று கேட்கலாம். சாட்சி பிரிவைத் தடுக்காது, மறுப்பைத்தான் தடுக்கும். அவன் பிரிந்தபோதும் கண்ணகி மனைவி என்பதை யாரும் ஐயுறவில்லை.

பாடல் புனைவுதானே, அதை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. கள்ளூரில் ஒருவன் உண்மையிலேயே கட்டப்பட்டான் என்று இப்பாடலை வைத்து நிறுவ முடியாது. ஆனால் அந்தப் பாடலில் தோழி, தலைவனின் பரத்தமையை இடித்துரைக்கும்போது போகிற போக்கில் சொல்லும் உவமை அது. கேட்பவருக்கு உடனே விளங்காத ஒன்றை உவமையாக்க முடியாது. பொய்ச்சூளும் அவை விசாரணையும் அக்காலச் சமூகம் அறிந்த நிகழ்வுகள் என்ற அளவுக்கு அதைச் சான்றாகக் கொள்வதில் தவறில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சிக்கல் நீதிமன்றத்துக்கு வந்தது. 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதரும் மந்திரமும் விலக்கப்பட்டன. கூடியிருந்தோர் முன் மணமக்கள் உறுதி கூறினர். சங்க காலத்துக்குத் திரும்பும் முயற்சியாக இதைப் படிப்பது பிழை. சாதிமறுப்பும் பெண்ணின் சமத்துவமுமே அவ்வியக்கத்தின் நோக்கம். பழந்தமிழ் இலக்கியத்தின் கற்புக் கோட்பாட்டைப் பெரியார் கடுமையாகச் சாடியவர். ஆனால் 1953ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்குகள் நடைபெறாத சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊர் கூடிப் பார்த்த மணம் சட்டத்தின் கண்ணில் நடக்காததாயிற்று; மனைவியின் நிலையும் குழந்தைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயின. மறுப்பைத் தடுக்க வந்த சடங்கு, மறுப்புக்கு ஆதாரமாகிவிட்டது.

சடங்கே திருமணத்தின் புனிதத்தைக் காக்கிறது, அதைத் தளர்த்தினால் பெண்ணுக்குப் பாதுகாப்பு குறையும் என்பது இன்னொரு வாதம். இருதார வழக்குகள் இதற்கு நேர்மாறானதைக் காட்டுகின்றன. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இரண்டாவது மணத்தைத் தடைசெய்தது. ஆனால் 1965ஆம் ஆண்டு மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், காந்தர்வ முறை என்று சொல்லப்பட்ட இரண்டாவது மணத்தில் இன்றியமையாச் சடங்குகள் நடக்கவில்லை என்பதால் குற்றம் நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சடங்கில் ஒன்றை விட்டுவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாம் என்ற வழி இதனால் திறந்தது. களவைக் காந்தர்வத்தோடு ஒப்பிட்ட தொல்காப்பியர் எந்த வழுவை அடைக்கக் கரணம் வந்தது என்றாரோ, அதே வழு கரணத்தின் பெயராலேயே திரும்பிவந்தது.

அண்ணா தலைமையிலான அரசு கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், தாலி கட்டலாம். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடியாயின. இதன் பயன் 2001இல் தெரிந்தது. இரண்டாவது மணத்தில் சப்தபதி என்னும் ஏழடிச் சடங்கு நடக்கவில்லை என்று காரணம் காட்டி விசாரணை நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற தமிழ்நாட்டுக் கணவர் ஒருவரின் வாதத்தை, 7-ஏ பிரிவைச் சுட்டி உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அங்கே முதல் மனைவிக்குக் கைகொடுத்தது சடங்கைத் தளர்த்திய சட்டமே.

ஆனால் பார்க்கும் கண் காக்கவும் செய்யும், கண்காணிக்கவும் செய்யும். ஊர் தூற்றும் அலரும், பெண்ணை வீட்டில் அடைக்கும் இற்செறிப்பும் அகப்பாடல்களிலேயே உண்டு. சாதி மறுத்து மணப்போருக்கு இன்று ஊரறிவித்தல் உயிராபத்தாக முடியலாம். வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் மணங்கள் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 7-ஏ பிரிவுக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை, குடும்ப எதிர்ப்புக்கு அஞ்சும் இணையருக்கு அதைக் கட்டாயமாக்குவது ஆபத்து என்றது. எளிதாகத் திருமணம் செய்துவைத்தால் ஏமாற்றும் பெருகும் என்ற கவலை வெறும் சாக்கன்று. ஆனால் அதற்கு மருந்து அழியாத பதிவு, ஊரைக் கூட்டும் நிபந்தனை அன்று. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதே நேரம் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பைக் கேட்கிறது. முதலாவது, நடந்ததை மறுக்க முடியாமல் செய்கிறது. இரண்டாவது, நடக்கப்போவதைத் தடுக்க எதிர்ப்பாளருக்கு அவகாசம் தருகிறது. உறவுக்குச் சாட்சி தேவை என்ற பழைய அறிவை ஏற்றுக்கொண்டே, அந்தச் சாட்சி மணத்துக்குப் பின் வரவேண்டுமே தவிர முன்னால் வந்து காவல் நிற்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்துவதே இவ்வரலாறு சுட்டும் அடுத்த படி.