அகமதாபாத் இலத்திரனியல் இசைக்கூடம்

இந்தியாவின் அகமதாபாத் நகரில், 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமைக்கப்பட்ட இக்கூடம், அந்நாட்டின் முதல் இலத்திரனியல் இசைக்கூடமாகக் கருதப்படுகிறது. 1946இல் நியூயோர்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்ற கீதா சாராபாய் இதன் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றினார். கேஜின் நெருங்கிய சகாவான டேவிட் டியூடர் இங்கு வந்து மோக் சிந்தசைசரையும் ஒலிநாடாப் பதிவுக் கருவிகளையும் நிறுவினார்.

சிந்தசைசர் என்பது மின்னலைகளிலிருந்து ஒலியை உருவாக்கும் கருவியாகும். அதில் அலையியற்றி அடிப்படை ஒலியைப் பிறப்பிக்க, வடிகட்டி அவ்வொலியின் சில அதிர்வெண்களை நீக்கி அதன் நிறத்தை மாற்ற, மின்னழுத்தக் கட்டுப்பாடு சுருதியையும் உரப்பையும் ஆள்கிறது. ஆயத்த ஒலிகளோ அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகமோ அக்கால மோக் கருவியில் இல்லாமையால், ஒவ்வோர் ஒலியையும் வடங்களை இணைத்துப் புதிதாகவே வடிவமைக்க வேண்டியிருந்தது. இக்கட்டுப்பாடே படைப்புக்கான சவாலாகவும் அமைந்தது.

கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் இங்கு இசை படைத்தனர். நீண்ட காலம் கவனிக்கப்படாதிருந்த அவர்களின் இசைப் பதிவு ஒலிநாடாக்களை ஆய்வாளர் போல் பர்காஸ் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கண்டறிந்தார். 1969 முதல் 1972 வரையான பதிவுகளின் தொகுப்பு 2023இல் வெளியாயிற்று. தெற்காசிய இலத்திரனியல் இசை வரலாற்றுக்கு இது முதன்மையான சான்றாகும்.