வாலாஜாபாத்தில் தவிட்டுப்பழம் வளருமா? கன்று வாங்கும் முன் படியுங்கள்

கோடை விடுமுறையில் ஊட்டி, கோத்தகிரி போய் வந்தவர்களுக்குத் தவிட்டுப்பழம் தெரிந்திருக்கும். சிலர் தவிட்டுக்கொய்யா என்பார்கள். கருநீல நிறத்தில், சுண்டைக்காயைவிடச் சற்றே பெரிதாக, நுனியில் புல்லி இதழ்கள் கிரீடம்போல ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இனிப்பான சதையும் ஏராளமான பொடி விதைகளும் இருக்கும். அப்படியே சாப்பிடலாம், ஜாமும் செய்யலாம்.

வாலாஜாபாத் பக்கம் பாலாற்றை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, இந்தப் பழத்தின் 10 கன்றுகளை ஒரு நாற்றுப்பண்ணையில் நல்ல விலை கொடுத்து வாங்கி நட்டிருந்தார். "எந்த மண்ணிலும் வரும், இரண்டே வருடத்தில் காய்க்கும்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது இலைகளின் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. நரம்புகளுக்கு இடையே எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது சார்" என்றார். வெயிலும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அது அல்ல.

இந்தச் செடியின் தாவரவியல் பெயர் ரோடோமிர்டஸ் டொமெண்டோசா. கொய்யா, நாவல் இவற்றின் குடும்பம். என்றும் பசுமையான புதர். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். இலை எதிரெதிராக, தடிப்பாக, அடிப்பக்கம் மென்மையான ரோமத்துடன் இருக்கும். இலைக் காம்பிலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து நுனிவரை ஓடுவதுதான் சரியான அடையாளம். கன்று வாங்கும்போது முதலில் இதைப் பாருங்கள். பூ இளஞ்சிவப்பு.

நம் மாநிலத்தில் இது நீலகிரி, பழனி மலைகளில் புல்வெளி ஓரங்களில் இயற்கையாக வளர்கிறது. அதனால் 'மலைச் செடி, சமவெளியில் வராது' என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. வியட்நாமின் ஃபூ குவோக் தீவில் இந்தப் பழத்தில் ஒயின் தயாரிக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அழகுச் செடியாகக் கொண்டுபோனது காட்டுக்குள் பரவி, இன்று களையாக அதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். இரண்டு இடத்திலும் கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே நன்றாக வளர்கிறது. ஆக, உயரம் மட்டும் தடை இல்லை. மண்தான் தடை. இந்தச் செடிக்கு அமிலத்தன்மை உள்ள, நீர் தேங்காத மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது.

நம் பகுதியில் மண் பரிசோதனை செய்தால் கார அமில நிலை 7.5, 8 என்று வருவது சாதாரணம். போர் தண்ணீரிலும் பல இடங்களில் சுண்ணமும் உப்பும் கலந்திருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அந்த விவசாயியின் செடி வெளுத்தது இதனால்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தால் தளிர் பச்சையாகும். ஆனால் மண் மாறாதவரை மறுபடி வெளுக்கும். ஏக்கர் கணக்கில் நட்டு இப்படித் தெளித்துக்கொண்டே இருப்பது கட்டுப்படியாகாது.

ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்க்க விரும்பினால் பெரிய தொட்டியில் வையுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய இலை உரம் சேர்த்து நிரப்புங்கள். மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் மதிய வெயில் படாமல் நிழல்வலை கட்டுங்கள். மலையிலிருந்து பிடுங்கி வந்த கன்றை மட்டும் வாங்காதீர்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தேயிலையும் சீகை, தைல மரங்களும் புல்வெளியைத் தின்றது போக, மிச்சம் இருப்பதையாவது விட்டுவைக்க வேண்டும்.

வருமானத்துக்கு என்றால் நம் மண்ணுக்கென்றே ஒரு பசும்புதர் இருக்கிறது: களா. வறட்சி தாங்கும். ஓரளவு உப்பும் காரமும் தாங்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் போய்விடும்; ஆகவே தாழ்வான நெல் நிலத்தில் வைக்காமல் மேட்டிலும் அகல வரப்பிலும் வையுங்கள். கிளை முழுக்கக் கெட்டியான முள் என்பதால் உயிர்வேலியாகவும் நிற்கும். வேலிக்கு ஒரு மீட்டர் இடைவெளி போதும், தோப்பாக என்றால் மூன்று மீட்டர். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இடுங்கள். விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழந்துவிடும். ஆடி, ஆவணியில் கிடைக்கும் நன்கு பழுத்த பழத்திலிருந்து எடுத்து உடனே விதைத்துவிட வேண்டும். விதைக்கன்று மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். ஒரே மாதிரி காய் வேண்டுமானால் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், கொங்கண் போல்டு போன்ற ரகங்களில் பதியன் கன்று கேளுங்கள். முதல் இரண்டு வருடம் ஆட்டிடமிருந்து காப்பாற்றுங்கள்.

விற்பனை பற்றி ஒரு வார்த்தை. பச்சைக் களாக்காய் ஊறுகாய்க்குப் போகும். பேக்கரி கேக்கின்மேல் செர்ரி என்று சிவப்பாக வைக்கிறார்களே, அதில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய்தான். பால் வடியும் காய் என்பதால் பறித்த அன்றே கழுவி அனுப்ப வேண்டும். நடும் முன்பே காஞ்சிபுரத்தில் ஊறுகாய் போடுபவர்கள் யார், எவ்வளவு எடுப்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள். அந்த விவசாயி தவிட்டுப்பழத்தில் உயிரோடு இருந்த கன்றுகளைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, வேலி ஓரத்தில் களா நட இப்போது குழி எடுத்துக்கொண்டிருக்கிறார்.