குளிர்காலக் கப்பலும் உல்லாசப் பயணமும்

கடற்பயணம் ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊரை அடைவதற்கான வழியாக மட்டுமே பெரும்பாலும் கருதப்பட்ட காலத்தில், பயணத்தையே நோக்கமாகக் கொண்டு புறப்பட்ட துறைக்கே திரும்பிவரும் உல்லாசக் கப்பற்பயணம் வேரூன்றியதற்கு, வட அட்லாண்டிக்கின் கடுங்குளிர் ஒரு முக்கியக் காரணமாகும். ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் நியூயார்க் கப்பல்களுக்குக் குளிர்காலத்தில் பயணிகள் குறைந்ததால், அதன் நிர்வாகி ஆல்பர்ட் பாலின், அவற்றுள் ஒன்றான அகுஸ்டா விக்டோரியாவை 1891 ஜனவரி 22 அன்று குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியதோடு, தாமும் உடன் சென்றார். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த அப்பயணத்தில், அலெக்சாந்திரியா, கான்ஸ்டான்டினோபிள் முதலிய துறைகளில் இறங்கி ஊர் பார்த்தவர்களால், ஊருக்கு ஊர் விடுதி தேடிப் பெட்டி படுக்கையைக் கட்டி அவிழ்க்கும் தொல்லையின்றிக் கப்பலையே தங்குமிடமாகக் கொள்ள முடிந்தது. இன்றுவரை உல்லாசக் கப்பற்பயணத்தின் தலையாய வசதி இதுவே எனலாம்.

ஆயினும், குளிர்கடலைக் கடப்பதற்கென உருவான கப்பலில், வெயில் காய்ந்தபடி உலாவுவதற்கேற்ற திறந்த தளங்கள் குறைவு. ஆகவே, உல்லாசப் பயணத்திற்கென்றே முதல் வகுப்பு அறைகள் மட்டும் கொண்ட பிரின்செஸ்ஸின் விக்டோரியா லூயிசே என்னும் கப்பலைப் பாலின் கட்டுவித்தார். 1900இல் வெள்ளோட்டம் கண்ட அந்த அழகிய கப்பல், 1906 டிசம்பரில் ஜமைக்கா கரையருகே தரைதட்டி அழிந்தது.