கடல் நிறக் கல்

கடந்த ஆண்டு எமது வகுப்புத் தோழியர் ஒன்றுகூடியபோது, சுவிஸிலிருந்து வந்த ஒருத்தியின் விரலில் வெளிர்நீலக் கல் மோதிரமொன்றைக் கண்டோம். இடப்பெயர்வின்போது அவளுடைய தாயார் சேலைத் தலைப்பில் முடிந்து காப்பாற்றிய மோதிரம் அது. "இது எங்கட கல்லோ அம்மா?" என்று மகள் கேட்டாளாம், தோழிக்குப் பதில் தெரியவில்லை. எமக்கும் அன்று தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தோம்.

அந்தக் கல் அக்குவாமரைன். லத்தீனில் 'கடல்நீர்' என்று பொருள். மரகதமும் இதுவும் பெரில் என்னும் ஒரே கனிமத்தின் வகைகள். இதற்கு நீலம் தருவது இரும்பு.

கொங்குநாட்டில் காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் பெரில் வெட்டி எடுக்கப்பட்டது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், கற்களை மணிகளாக்கிய பட்டறைகளின் தடயங்கள் வெளிவந்தன. பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, தெளிந்த கடலின் பச்சையைக் காட்டும் பெரிலே சிறந்தது என்றும், அது இந்தியாவில் விளைவது என்றும் எழுதினார். படிகத்துக்குச் சாயமேற்றி இந்தியர் போலிப் பெரில் செய்வதையும் அவர் சொல்லாமல் விடவில்லை!

கல்லோடு சொல்லும் கடல் கடந்தது. 'பெரில்' என்பது பிராகிருத 'வேளுரிய' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியியலாளர். நாம் இன்று வேறொரு கல்லுக்கு வழங்கும் 'வைடூரியம்' அதன் உறவுச் சொல். முற்காலத்தில் தெளிந்த பெரிலில் வில்லைகள் செய்ததால், ஜேர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடி 'பிறில்ல' ஆயிற்று. ஜேர்மனியிலும் சுவிஸிலும் உள்ள எம் தோழியர் நாள்தோறும் சொல்லும் சொல் அது.

கடலோடிகளின் காவற்கல், மார்ச் மாதப் பிறப்புக்கல் என்றெல்லாம் இதனைப் போற்றுவர். நோய் தீர்க்கும் என்று வைத்தியர்களாகிய நாம் சீட்டு எழுத மாட்டோம். ஆனால் ஒரு கடன் உண்டு. 1798இல் வோக்லன் பெரிலில் கண்டறிந்த பெரிலியம் என்னும் உலோகத்தை எக்ஸ்கதிர் எளிதாக ஊடுருவும். மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டும் மாமோகிராம் கருவியின் எக்ஸ்கதிர்க் குழாய்க்கு அதனாலேயே சாளரம் அமைக்கிறார்கள்.

வாங்கும்போது கவனம் தேவை. நீலப் புட்பராகத்தை இதுவென்று விற்பதுண்டு. அது கைக்குப் பாரமானது. வெதுவெதுப்பான சவர்க்கார நீரில், மென்மையான தூரிகையால் கழுவினால் போதும். கொதிநீரும் திடீர்ச் சூடும் ஆகா. வைரமும் நீலமும் இதனைக் கீறிவிடும். தனிப் பையில் வையுங்கள். அந்தப் பையிலேயே, யார் அணிந்தது, எப்படி வந்தது என்று எழுதிய சிறு காகிதத்தையும் வையுங்கள். எத்தனையோ நகைகளை அடகிலும் பாதையிலும் இழந்தவர்கள் நாம். எஞ்சியவற்றின் கதையையாவது இழக்க வேண்டாம்.

தோழிக்கு இவ்வளவையும் எழுதினோம். மகளுக்கு வாசித்துக் காட்டினாளாம். அம்மம்மாவின் பெயரை அந்தக் காகிதத்தில் தமிழில் எழுதியது மகள்தான்.