மண்ணைப் படித்த அந்தலூஸ்

கல்வி செல்வம் தரும் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். அச்செல்வத்தை ஈன்று தரும் மண்ணையும் நீரையும் காப்பதும் கல்வியின் கடமையே என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரண்டையும் ஒரே கல்வியாகக் கொண்டு வாழ்ந்த நாடு, முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த ஸ்பெயின், அதாவது அந்தலூஸ் ஆகும்.

நெல், கரும்பு, கத்தரி ஆகியவற்றை முஸ்லிம்கள் கிழக்கிலிருந்து அங்கே கொண்டு சென்றனர். இவை இந்தியாவில் நெடுங்காலம் விளைந்தவை; கோடை மழையில் தழைப்பவை. அந்தலூஸின் கோடையோ மழையற்றது. ஆகவே, விதை மட்டும் போதவில்லை; மண்ணையும் நீரையும் பற்றிய அறிவும் தேவைப்பட்டது. அத்தேவையே ‘ஃபிலாஹா’ எனும் வேளாண் கலையை அங்கே அறிஞர்களின் துறையாக்கிற்று.

துலைத்துலா (டோலிடோ) நகரை 1043 முதல் 1075 வரை ஆண்ட அல்மஃமூனின் ஆதரவில் மருத்துவர் இப்னு வாஃபிதும் வேளாண் அறிஞர் இப்னு பஸ்ஸாலும் பணியாற்றினர். தாஜோ ஆற்றங்கரையில் இருந்த அரச தோட்டமே அவர்களின் ஆய்வுக்கூடம். இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இயல்பையும் பருவங்களோடு பொருத்தி விளக்கினார். முன்னோர் நூல்களைச் சான்று காட்டாமல், தம் அனுபவத்தையே எழுதினார். 1085-இல் துலைத்துலா வீழ்ந்தபின் அவர் இஷ்பீலியாவுக்கு (செவில்) சென்று, அங்கும் தம் பணியைத் தொடர்ந்தார்.

அதே இஷ்பீலியாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்னுல் அவ்வாம் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வை எழுதினார். 585 தாவரங்களைப் பற்றியும் ஐம்பதுக்கு மேற்பட்ட பழமரங்களைப் பற்றியும் அது பேசுகிறது. முன்னோர் கூற்றை முதலில் தந்து, தாம் சோதித்துக் கண்டதைத் தனியே குறிப்பது அவர் முறை. எருவைப் பக்குவப்படுத்துதல், ஒட்டுக்கட்டுதல், நீர் நிறைந்த மட்பாண்டத்தை மரத்தடியில் புதைத்துச் சிறுகக் கசியவிடுதல் என அவர் விளக்கும் முறைகள் பல.

இக்கல்வி விளைச்சலைப் பெருக்கியது, ஊர்களை வளப்படுத்தியது. வாய்க்காலைக் குறிக்கும் ‘அசெக்கியா’, நீர் இறைக்கும் சக்கரத்தைக் குறிக்கும் ‘நோரியா’ ஆகிய ஸ்பானியச் சொற்கள் அரபியின் ‘அஸ்ஸாகியா’, ‘நாஊரா’ என்பவற்றின் வழித்தோன்றல்கள். அந்தலூஸியப் பாசன மரபில் வேர்கொண்ட வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம், இன்றும் வியாழன்தோறும் கூடி வாய்மொழியாகவே வழக்குகளைத் தீர்க்கிறது. யுனெஸ்கோ அதனை 2009-இல் மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி வரலாற்றின் மறுபக்கத்தைக் காண்போம். 1492-இல் கிரனாடா வீழ்ந்தது. 1567-இல் அங்கே அரபு மொழி தடை செய்யப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள், அதாவது கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்களின் வழிவந்தோர், நாடு கடத்தப்பட்டனர். வலென்சியா தன் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை இழந்தது. வயல்கள் பல தரிசாயின. நிலப்பிரபுக்களின் வருவாய் சரிந்தது. நிலமும் வாய்க்காலும் அங்கேயே இருந்தன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த கைகள் போய்விட்டன.

பின்னர் அதே ஸ்பெயின் தன் வேளாண்மையைச் சீர்திருத்த விழைந்தபோது, பழைய அரபு நூலைத் தேடியது. பாங்கேரி எனும் கிறித்தவப் பாதிரியார் இப்னுல் அவ்வாமின் நூலை ஸ்பானியத்தில் பெயர்த்தார். 1802-இல் அது மாட்ரிட்டில் அச்சேறியது. கற்றவர்களை விரட்டிய நாடு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அவர்களின் நூலைக் கையில் எடுத்தது. எனினும், நூல் திரும்பியது போல் மக்கள் திரும்பவில்லை.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த நன்மையை முறையான அறிவாக வளர்த்தவர்கள் அந்தலூஸ் அறிஞர்கள். அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது நமக்கு எளிது. நம் கல்விக்கூடங்களில் பயிலும் பிள்ளைகளுக்குத் தம் ஊரின் மண் எத்தகையது, குளத்து நீர் எங்கிருந்து வருகிறது என்பதாவது தெரியுமா? அந்தப் பெருமைக்கு நாம் உரியவர்களாவது இதற்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தது.