கேசட் போன ஊருக்குப் பாடகி போகவில்லை

1979-இல் ஹாங்காங்கில் ஒரு பாட்டு வெளிவந்தது. பெயர் ‘தியென் மி மி’. தேனாய் இனிக்கிறது என்று பொருள் சொல்லலாம். பாடியவர் தைவானின் தெரசா டெங், சீனப் பெயர் டெங் லிஜுன். வரிகளை எழுதியவர் பெய்ஜிங்கில் பிறந்து தைவானில் குடியேறிய சுவாங் நூ. மெட்டு மட்டும் இவர்கள் யாருடையதும் இல்லை. அது நம்ம பக்கத்து மெட்டு. இந்தோனேசியாவின் ‘டாயுங் சம்பான்’. டாயுங் என்றால் துடுப்பு வலிப்பது. சம்பானுக்கு நம் வாசகர்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தின் கல்யாண விருந்திலோ, கோப்பித்தியாம் வானொலியிலோ இந்த மெட்டை நாம் எல்லாருமே கேட்டிருப்போம். ஆனால் இதற்கு மிகப் பெரிய கூட்டம் சேர்ந்த இடம் ஹாங்காங்கும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. சீனப் பெருநிலம். அங்கே அப்போது இந்தப் பாட்டை முறையாக விற்க ஒரு கடைகூடக் கிடையாது. பாடகி அங்கே ஒரு மேடை ஏறியதில்லை. சாகும்வரை ஏறவும் இல்லை. திருட்டு கேசட் ஒரு பாடகிக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்க முடியாமல் போனது என்று யோசிக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

தெரசா டெங் பிறந்தது 1953, தைவானின் யுன்லின் மாவட்டம். அப்பா ஹெபெய் மாநிலத்துக்காரர். தேசியக் கட்சிப் படையில் சிப்பாயாக இருந்தவர், போரில் தோற்ற படையோடு தைவானுக்கு வந்தவர். வீட்டில் பெரியவர்கள் ‘ஊர்’ என்று சொன்னால் அது போக முடியாத அக்கரைதான். சிறுவயதிலேயே பாட வந்த மகள் எழுபதுகளில் ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான் என்று மேடை மேடையாகச் சுற்றினார். மாண்டரின், கண்டோனீஸ், ஹொக்கியன், ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தோனேசிய மொழி என்று போகிற ஊருக்கு ஏற்றபடி பாடினார்.

ஆனால் ஊர் ஊராகப் போகிறவருக்கு பாஸ்போர்ட் வேண்டுமே. ஜப்பான் 1972-இல் தைவானோடு அரசு உறவை முறித்துக்கொண்ட பிறகு, தைவான் பாஸ்போர்ட்டோடு பயணம் செய்வது தலைவலியாகிவிட்டது. 1979 பிப்ரவரியில் அவர் இந்தோனேசிய பாஸ்போர்ட் ஒன்றோடு தோக்கியோவில் போய் இறங்கினார். குடிநுழைவு அதிகாரிகள் தடுத்து வைத்தார்கள். பிறகு வெளியேற்றினார்கள். ஓர் ஆண்டுக்கு ஜப்பானுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு. இந்தோனேசியத் தாளை வைத்துக்கொண்டு பாடகியால் ஓர் எல்லையைத் தாண்ட முடியவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த இந்தோனேசிய மெட்டு, யாரிடமும் எந்தத் தாளும் காட்டாமல் அதைவிடக் கடினமான எல்லையைத் தாண்டியது.

அந்த எல்லை எப்படிப்பட்டது? தைவானின் ஆட்சியில் இருக்கும் கின்மென் தீவு, சீனாவின் சியாமென் நகரத்துக்கு எதிரே, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பீரங்கி. பிந்திய ஆண்டுகளில் குண்டுக்குள் பிரசாரத் துண்டறிக்கைகளை வைத்து, ஒற்றைப்படை நாள்களில் மட்டும் சுடுகிற விநோதமான போர் அது. 1979 ஜனவரி முதல் தேதியோடு சீனா அதை நிறுத்தியது. கின்மென் கரையில் 1967-இல் கட்டிய ஒரு கான்கிரீட் சுவர் இன்றும் நிற்கிறது. அதில் 48 ஒலிபெருக்கிகள். அக்கரைச் சிப்பாய்களை மயக்கி இழுக்க அதன் வழியே போன குரல்களில் தெரசா டெங்கின் குரலும் ஒன்று. ஆக, அவருடைய பாட்டைச் சீனாவுக்குள் முதலில் அனுப்பியவர்களில் இராணுவமும் உண்டு. இதை மறந்துவிட்டு அவரை அரசியலே தெரியாத அப்பாவிக் குயில் என்று எழுதுவது சரியாக இருக்காது.

ஆனால் ஒலிபெருக்கி கரையோரத்தைத் தாண்டாது. சிற்றலை வானொலி தாண்டும், ஆனால் எதிரி வானொலி கேட்பது பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் குற்றம். பாட்டை உண்மையில் உள்ளே கொண்டுபோனது கேசட். 1978 இறுதியில் டெங் சியாவோபிங்கின் பொருளாதாரத் திறப்பு தொடங்கியது. ஹாங்காங்கிலிருந்து குவாங்டோங் மாநிலத்துக்கு உறவினரைப் பார்க்க வந்தவர்கள் கையில் ஜப்பானிய ரெக்கார்டர் இருந்தது. கடல் வழியாகக் கள்ளத்தனமாக வந்து இறங்கியவையும் உண்டு. செங்கல் மாதிரி இருந்ததால் அந்த ரெக்கார்டரைச் செங்கல் என்றே சீனர்கள் கூப்பிட்டார்கள்.

பிறகு நடந்ததை விளக்க நம் தலைமுறைக்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். ஒரு ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு இன்னொன்றில் பதிவது. இணைக்கக் கம்பி இல்லையென்றால் இரண்டையும் எதிரெதிரே வைத்து, சன்னலைச் சாத்தி, யாரும் இருமாமல் உட்கார்ந்திருப்பது. ஒரு மணி நேரக் கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும். பதிந்ததிலிருந்து இன்னொருவர் பதிவார், அதிலிருந்து வேறொருவர். ஒவ்வொரு கைக்கும் இரைச்சல் கூடும், குரல் பின்னால் போகும். வடக்கே ஏதோ ஒரு சிறுநகரத்தில் ஒருவர் கேட்ட தெரசா டெங், ஹாங்காங்கில் பதிவான குரலின் எத்தனையாவது நிழல் என்று யார் கணக்கு வைத்தது?

இதைத் திருட்டு என்று சொல்லலாமா? மலாயில் ‘செத்தாக் ரொம்பாக்’ என்கிறோம். அச்சடித்துக் கொள்ளையடிப்பது. சொல்லிலேயே குற்றவாளி நிற்கிறார். ஆனால் சீனாவின் பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியதே 1990-இல்தான். நடைமுறைக்கு வந்தது 1991 ஜூனில். பெர்ன் ஒப்பந்தத்தில் சீனா சேர்ந்தது 1992-இல். அதுவரை அங்கே அப்படியொரு வேலியே இல்லை. நாமும் ஒன்றும் பெரிய யோக்கியர்கள் இல்லை. சிங்கப்பூர் 1987 வரை பிரிட்டிஷ்காரர்களின் 1911 சட்டத்தை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளியது. திருட்டு கேசட் ஏற்றுமதியாகிற துறைமுகம் என்று உலக இசை நிறுவனங்கள் அதைக் குற்றம் சாட்டின. மலேசியாவின் இப்போதைய பதிப்புரிமைச் சட்டமும் 1987-இல் வந்ததுதான். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, இரண்டு நாள் கழித்து கேசட் வாங்கிய தமிழ் வீடுகளுக்கு இந்தக் கதை புதுசாக இருக்காது.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் வீடுகளில் அது காசை மிச்சப்படுத்துகிற வழி. சீனாவில் அந்தப் பாட்டைக் கேட்க வேறு வழியே இல்லை.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? பண்பாட்டுப் புரட்சியின் பத்தாண்டுகளில் அவர்கள் காதில் விழுந்தவை பெரும்பாலும் ‘மாதிரி’ நாடகங்களும் அணிவகுப்புப் பாட்டுகளும்தான். நெஞ்சு நிமிர்த்தி, கூட்டமாகப் பாடுகிறவை. திடீரென்று ஒரு பெண் காதருகே வந்து மூச்சுக்காற்றோடு பாடினால்? 1970-இல் பிறந்த இயக்குநர் ஜியா ஜாங்கே தன் சிறுவயதைப் பற்றிப் பேசும்போது சொல்கிற ஒன்று முக்கியமானது. அதுவரை பாட்டுகளில் இருந்தது ‘நாங்கள்’, இவர் குரலில் வந்தது ‘நான்’ என்கிறார். மக்கள் இதை வேடிக்கையாகவும் சொல்லிக்கொண்டார்கள். தலைவருக்கும் பாடகிக்கும் ஒரே குடும்பப் பெயர். பகலில் பெரிய டெங் சொல்வதைக் கேட்கிறோம், இரவில் சின்ன டெங் பாடுவதைக் கேட்கிறோம் என்று.

இந்த ‘நான்’ அதிகாரத்துக்கு உறுத்தியது. லி கூயி என்ற பெருநிலப் பாடகி 1979 இறுதியில் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக ‘சியாங் லியென்’ என்ற பாட்டைப் பாடினார். ஊரை எண்ணி ஏங்குகிற பாட்டு. மூச்சு கலந்த மெல்லிய குரலில் பாடியது அவர் செய்த தப்பு. தைவான் பாணி, நலிந்த இசை என்று பத்திரிகைகளில் தாக்கினார்கள். 1982-இல் மக்கள் இசைப் பதிப்பகம், மஞ்சள் பாடல்களை இனங்காண்பது எப்படி என்று ஒரு சிறுநூலே போட்டது. சீனத்தில் மஞ்சள் என்றால் ஆபாசம். எந்த வகைத் தாளம் ஆபத்து, எப்படிப்பட்ட குரல் ஆபத்து என்று பாடம். ஒரு குரலைக் கண்டு அரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு அந்த நூலே சாட்சி.

பாட்டு ஜெயித்த இரவு ஒன்றும் உண்டு. 1983 பிப்ரவரி, தேசியத் தொலைக்காட்சியின் வசந்த விழா நிகழ்ச்சி நேரலை. விருப்பப் பாட்டுக்கு நேயர்கள் தொலைபேசியில் கூப்பிடலாம் என்று அறிவித்தார்கள். ‘சியாங் லியென்’ வேண்டும் என்று கேட்டுக் கேட்டே சீட்டுகள் குவிந்தன. கடைசியில் மேலிடம் இறங்கி வந்தது. லி கூயி பாடினார். ஆனால் அதே ஆண்டு இறுதியில் ‘ஆன்மிக மாசு’ ஒழிப்பு இயக்கம் என்று ஒன்றைக் கிளப்பினார்கள். தெரசா டெங் கேசட்டுகள் மறுபடியும் குறிவைக்கப்பட்டன. சில மாதங்களில் அந்த இயக்கம் ஓய்ந்துபோனது. கேசட் ஓயவில்லை.

இதில் நம் கண்ணில் எளிதில் படாத ஒருவரும் இருக்கிறார். தெரசா டெங் மறுபடி பாடிப் புகழடையச் செய்த பழைய பாட்டுகளில் ஒன்று, முப்பதுகளின் இறுதியில் ஷாங்ஹாயில் சோ சுவான் பாடியது. நீ திரும்பி வருவது எந்நாள் என்று கேட்கிற பாட்டு. அதற்கு இசையமைத்த லியு சுயேஆன் தைவானுக்குப் போகவில்லை, சீனாவிலேயே இருந்தார். 1957-இல் வலதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டார். பண்பாட்டுப் புரட்சியிலும் துன்பப்பட்டார். அந்தப் பாட்டும் அவர் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. கேசட் வழியே ஊரெல்லாம் அந்த மெட்டு திரும்பி வந்தபோது அவர் முதியவர். 1985-இல் இறந்தார். பாட்டு ஊர் திரும்பிய கணக்கை எழுதும்போது இவர் கொடுத்த விலையையும் எழுத வேண்டும்.

இப்போது பாடகியின் கணக்கைப் பார்ப்போம். 1984, 1985, 1986 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பானின் கம்பிவழி ஒலிபரப்பு விருதில் முதல் பரிசு அவருக்கே. மதுக்கூடங்களிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணித் தருகிற பரிசு அது. அங்கே ஒவ்வொரு காதும் கணக்கில் இருந்தது. சீனாவில் கோடிக்கணக்கான காதுகள், ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. காசு வரவில்லை என்பது அதில் சின்ன விஷயம். நேரில் பாட முடியவில்லை என்பதுதான் பெரிசு. ஒரு மேடைப் பாடகிக்குக் கைதட்டல்தான் பதில். அவருடைய மிகப் பெரிய கூட்டம் சன்னலைச் சாத்திக்கொண்டு கேட்ட கூட்டம். அது கை தட்டவே முடியாது.

1989 மே 27 அன்று ஹாங்காங்கின் ஹேப்பி வேலி மைதானத்தில், பெய்ஜிங் மாணவர்களுக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சியில் தெரசா டெங் பாடினார். மலைக்கு அப்பால் என் வீடு என்று தொடங்குகிற பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வாரம் தியனன்மென்னில் டாங்கிகள் வந்தன. அதன் பிறகு பெருநிலத்தில் பாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1995 மே 8-ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாயில் ஆஸ்துமா தாக்கி இறந்தார். வயது 42.

மறைந்த அதே ஆண்டு, பெய்ஜிங்கில் அவர் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஃபே வோங் அஞ்சலியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். அரசு வசையாகப் பயன்படுத்திய ‘நலிந்த இசை’ என்ற சொல்லையே தன் பெயரோடு கோத்துத் தலைப்பாக வைத்தார். 1996-இல் பீட்டர் சான் இயக்கிய படத்துக்குச் சீனத் தலைப்பே ‘தியென் மி மி’. அதில் பெருநிலத்திலிருந்து ஹாங்காங்குக்குப் பிழைக்க வந்த இருவர், புத்தாண்டுச் சந்தையில் தெரசா டெங் கேசட் விற்கக் கடை போடுகிறார்கள். யாரும் வாங்குவதில்லை. வாங்கினால் தானும் பெருநிலத்து ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயம். ஓர் ஊரில் ஒளிந்து கேட்ட பாட்டு, இன்னோர் ஊரில் ஒளித்துக்கொள்ள வேண்டிய அடையாளமாகிவிட்டது. திருட்டு கேசட் பற்றி எத்தனை ஆய்வு படித்தாலும் இந்தக் காட்சியில் இருக்கிற கூச்சம் நமக்குப் புரிகிற அளவுக்கு வேறெதிலும் புரியாது.

2008-இல் சீனச் சுற்றுப்பயணிகளுக்குத் தைவான் கதவு திறந்தது. வடகரையில் ஜின்பாவ் மலையில் இருக்கும் அவர் சமாதிக்கும் பெருநிலத்து ஆள்கள் வந்தார்கள். அங்கே தரையில் ஒரு பெரிய பியானோக் கட்டைவரிசை இருக்கிறது. மிதித்தால் ஒலிக்கும்.

வரிகளை எழுதிய சுவாங் நூ தெரசா டெங்கை ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் பெயர் உறையில் இருக்கிறது. பாடகி பெயர் இருக்கிறது. மெட்டு யாருடையது என்ற இடத்தில் ‘இந்தோனேசிய நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டிருக்கும். பிரதி எடுத்த சீனத்துப் பையனைத் திருடன் என்று கூப்பிடத் தயாராக இருக்கிற எந்தச் சட்டத்திலும், சம்பான் வலித்துக்கொண்டே அந்த மெட்டை முதலில் பாடியவருக்குக் கொடுக்க ஒரு காசு இல்லை. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று முறையாக அச்சிட்டவர்களும் நம்பினார்கள். அடுத்த தடவை அந்த மெட்டு எங்கேயாவது காதில் விழுந்தால், இனிக்கிற அந்தக் குரலுக்குக் கீழே துடுப்பு போடுகிற தாளத்தையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.